தோளில் கை வைக்காதீர்கள்

ஜெபம் பண்ண ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இது பக்தியால் வந்தது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தால் வந்தது.

பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தகரக்கூரை போட்ட சின்ன ஜெபவீடு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் எழுந்து லயத்து வரிசைவீட்டு ஆட்களுக்காக ஜெபிக்க வேண்டும். ‘எல்லாரையும் ஆசீர்வதியும்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மாதிரி வீடு வீடாகச் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை கடைசி வீட்டு மாரியாயி அக்காவை விட்டுவிட்டேன். அக்கா ரொம்ப நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. (அக்கா ஜெபவீட்டுப் பக்கமே வராது. அம்மன் கோயிலில் தீ மிதிக்கிற ஆள். ஆனாலும் தன் பேர் வந்ததா என்று வாராவாரம் விசாரித்துவிடும்.)

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஜெபிக்கிறவர் குரல் தொய்ந்தால் பாஸ்டர் பின்னால் வந்து தோளில் கை வைப்பார். ‘நல்லாப் போகுது, விடாதே, இன்னும் சத்தமா’ என்று அர்த்தம். இந்த இரண்டு வழக்கமும் சேர்ந்துதான் ஒரு நாள் என் மானத்தை வாங்கின.

எனக்குப் பதுளையில் படிக்க இடம் கிடைத்தது. (எந்த கெம்பஸ் என்று கேட்காதீர்கள். அவர்கள் இன்னும் மறக்கவில்லை.) தோட்டமே சந்தோஷப்பட்டது, அம்மாவைத் தவிர.

“படிக்கிறது சரி. அங்க போயி ஜெபத்தையும் விட்டுட்டு, பேச ஆளில்லாம ஒத்தையில அழுதுகிட்டுக் கெடப்பியா? நான் வந்து பாப்பேன். சரியில்லன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன். எல்ல டவுன்ல ஓட்டல் வேலைக்குச் சித்தி கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கா.”

அம்மா கொழுந்து பறிக்கிறவள். வேண்டாம் என்று கிள்ளி எறிந்ததை மறுபடி கூடையில் போடுகிற பழக்கமே கிடையாது. எனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவு ஆசை.

புதிய மாணவர்களை வரவேற்கும் நாளில், லயத்து செல்வம் அண்ணனின் ஆட்டோவில் என் பெட்டியும் தலையணையும் மாசிச் சம்பல் போத்தலும் ஏறின. கெம்பஸ் வாசலில் அண்ணன் பெட்டியில் கை வைத்ததுமே அம்மா தடுத்துவிட்டாள்.

“எறக்காதீங்க தம்பி. நான் சொல்றப்ப எறக்குனாப் போதும்.”

மண்டபத்தில் எல்லாம் சிங்களத்திலும் இங்கிலீசிலும் நடந்தது. எனக்கு ஒரு பக்கம் முக்காடு போட்ட ஒரு பிள்ளை, மறுபக்கம் அம்மா.

“என்னடி சொல்றாங்க?”

“நம்மள வரவேற்கிறாங்கம்மா.”

“இவ்வளவு நேரமாவா?”

அம்மாவின் முகம் இறுக இறுக எனக்கு எல்ல ஓட்டலின் வரவேற்பு மேசை கண்ணில் தெரிந்தது.

விளக்கேற்றியாயிற்று. அடுத்து நான்கு மத வழிபாடு, ஆளுக்கு ஒரு நிமிஷம். கிறிஸ்தவ ஜெபம் சொல்ல வேண்டிய பையனின் பஸ் இன்னும் வந்து சேரவில்லையாம். நிகழ்ச்சியை நடத்திய மேடம் மைக்கில், “புதுப் பிள்ளைகளில் யாராவது கிறிஸ்தவர் இருக்கிறீங்களா?” என்று தமிழிலும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் என் கை மட்டும் மேலே போய்விட்டது. பார்த்தால், முழங்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தவள் அம்மா.

மேடையில் இளம் பௌத்தத் தேரர் ஒருவர் பிரித் ஓதினார். ஒரு பையன் தேவாரம் பாடினான். இன்னொருவன் துஆ ஓதினான். எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒரு நிமிஷத்தில் முடித்தார்கள். நானும் படியேறும்போதே செந்தமிழில் அழகாக ஒரு வாக்கியம் தயாரித்திருந்தேன். மைக் ‘கீய்ங்’ என்றது. வாக்கியம் பறந்துவிட்டது. பயத்தில் கண்ணை இறுக மூடினேன். மூடியதும் ஜெபவீடு வந்துவிட்டது.

“ஆண்டவரே, முன்வரிசையில இருக்கிற நீலக் கோட்டு ஐயாவுக்காக ஜெபிக்கிறேன்.”

பேர் தெரியாதவர்களை வேறு எப்படிச் சொல்வது?

“படியேறுறப்ப முழங்கால் வலியில நின்னு நின்னு வந்தாரே, அந்தக் காலத் தொட்டருளும். கண்ணாடியத் தலையில வச்சுக்கிட்டே தேடுன மேடத்துக்கு ஞாபக சக்தியத் தாரும்.”

தமிழ்ப் பிள்ளைகள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது. அவர்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிங்களத்தில் சொல்ல, கொஞ்சம் பிந்தி இரண்டாவது சிரிப்பு. பின்வரிசையிலிருந்து அம்மா, “ஆமென்!” என்றாள்.

அப்போதுதான் மேடம் மெதுவாக வந்து என் தோளில் கை வைத்தார்.

‘போதும் பிள்ளை’ என்று அவருக்கு அர்த்தம். எனக்கு அது பாஸ்டரின் கை. குரலை உயர்த்தினேன். ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள், கேட்டில் நின்ற வாட்ச்மேன், “டீ ஊத்திக்கிட்டு நிக்கிற அக்காமாருக்குக் காலு கடுக்காம” என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மேடம் இன்னும் அழுத்தமாகக் கை வைத்தார். நான் அலறினேன். ஸ்பீக்கரும் அலறியது.

“ஏண்டி, செல்வம் தம்பிய விட்டுட்டியே!” என்றாள் அம்மா, மண்டபமே கேட்க.

“வாசல்ல பெட்டியோட காத்துக்கிட்டு இருக்கிற செல்வம் அண்ணனையும் ஆண்டவரே!”

ஒருவழியாக ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். மேடம் சிவந்து போயிருந்தார். தேரர் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். விருந்தினர்களின் டீயில் ஆடை படிந்திருந்தது. நானே ஓடிப்போய் ஆட்டோவில் ஏறி எல்லவுக்குப் போய்விடலாம் போலிருந்தது.

கதவோரத்தில் யாரோ கை தட்டினார்கள். டீ ஊற்றுகிற அக்காமார். தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தட்டினார்கள். அப்புறம் வாட்ச்மேன். அப்புறம் மண்டபம் முழுக்க. நீலக் கோட்டு ஐயா (அவர்தான் கெம்பஸுக்கே தலைவராம், அடக் கடவுளே) எழுந்து வந்து, தட்டுத்தடுமாறித் தமிழில், “மகள், முழங்கால் இப்ப கொஞ்சம் நல்லம்” என்றார். பொய்தான். ஆனாலும் நான் ஓரடி உயர்ந்துவிட்டேன்.

அம்மா மட்டும் நேரே ஆட்டோவுக்குப் போனாள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு கெம்பஸ் கட்டடத்தையே பார்த்தாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முக்காட்டுப் பிள்ளை வேகமாக வந்தாள். முகத்தில் நல்ல கோபம்.

“ஒங்களுக்குப் பக்கத்துலதானே இருந்தேன்? வாட்ச்மேன் வரைக்கும் சொன்னீங்க, என்னை விட்டுட்டீங்களே! என் பேரு ஃபர்ஹானா.”

அவளுக்குப் பின்னால் ஒரு சிங்களப் பிள்ளை தன் நெஞ்சைத் தொட்டு, “நிலூஷா, நிலூஷா” என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இங்கயும் பேர விட்டாக் கோச்சுக்கிறாங்கடி,” என்றாள். பிறகு திரும்பி, “செல்வம் தம்பி, பெட்டிய எறக்குங்க.”

பெட்டியை ஒரு பக்கம் ஃபர்ஹானாவும் மறுபக்கம் நிலூஷாவும் தூக்கினார்கள். நான் தலையணையோடு ராணி மாதிரி பின்னால் நடந்தேன். அதன் பிறகு பரீட்சை வந்தாலே என் அறை வாசலில் பேர் கொடுக்க ஆள் நிற்கும். நான்கு மதத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். ஒருத்தியைக் கூட விட்டதில்லை.

போன வருஷம் எனக்கு அதே ஜெபவீட்டில் கல்யாணம். படம் பிடிக்க வந்தவர் என் கணவரிடம், “பொண்ணு தோள்ல கை வைங்க” என்றார். அவர் கையைத் தூக்கியதுதான் தாமதம், பந்தலின் அந்தக் கோடியிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

“ஐயோ மாப்புள, தோள்ல மட்டும் கைய வச்சிராதீங்க! சோறு ஆறிப்போயிரும்!”

முதலில் சிரித்தவர்கள் ஃபர்ஹானாவும் நிலூஷாவும். எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.