டோடோ அண்ணா ஊறவைத்த கடிதம்

கடிதத்துக்குக் கறையான் எதிரி, எலி எதிரி, மழை எதிரி. மூன்றும் கூட்டணி வைத்து வந்தாலும் டோடோ அண்ணாவிடம் டெபாசிட் இழக்கும். அறுபதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரம் லாட்ஜ் ஒன்றில் மூன்று வருஷம் அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அவர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. சேர்ப்பது மொரிஷியஸ் தபால்தலை; அதிலும் டோடோ பறவை போட்டதுதான் உயிர். வான்கோழியைவிடக் குண்டு, பறக்கத் தெரியாது, தீவுக்கு மனிதன் போன கொஞ்ச காலத்தில் பூண்டோடு அழிந்துவிட்டது.

"கடைசி டோடோ தன்னந்தனியா இன்னா பேஜார் பட்டுச்சோ தம்பி" என்று கண்கலங்குவார். அதே நேரம் ஜன்னலில் காக்கை கத்தினால், "ச்சூ, சனியனே!" என்று செருப்பை எறிவார். அதுவும் என் செருப்பை.

தபால்தலையை உறையோடு தண்ணீரில் ஊறவைத்துத்தான் உரிக்க வேண்டுமாம். ஊறுவது என் பக்கெட்டில், காய்வது என் தலையணையில். டோடோ தபால்தலைக்குப் பண்டமாற்றாகக் கொடுக்க மற்ற தேசத்துத் தபால்தலைகளும் வேண்டுமே! ஒருநாள் என் ஆபீஸ் மேனேஜர் என் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு எதையோ பிய்த்து என் கையில் கொடுத்தார். பெல்ஜியம்.

இந்த லட்சணத்தில் எனக்குக் குரோம்பேட்டையில் பெண் பார்த்தார்கள். டீச்சர். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்ததாம். ஏனென்று நான் கிளறவில்லை. அப்பா இல்லாத பெண். தாய்மாமன் சம்மதம் எழுதினால்தான் சர்ச்சில் ஓலை, அதாவது மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு, என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா மாப்பிள்ளைக்கே நேராக எழுதுவதாகத் தகவல். மாமா வாத்தியார் வேலை பார்த்த ஊர்? மொரிஷியஸ். என் தலையெழுத்தைப் பார்த்தீர்களா!

கடிதம் வந்த அன்று நான் ஆபீசில். திரும்பி வந்தால் பக்கெட்டில் நீலத் தண்ணீர். அதில் என் கடிதம், பிரிக்காத உறையோடு மிதக்கிறது.

"அண்ணா! உள்ள இருக்கிற லெட்டரை எடுத்துட்டு ஊறப்போடக் கூடாதா?"

"அடுத்தவன் லெட்டரைப் பிரிக்கிறதா? என்னை இன்னான்னு நெனச்சே?" என்று அவர் கோபித்துக்கொண்டார். அவர்!

காயவைத்துப் பார்த்தேன். 'அன்புள்ள தம்பிக்கு' தெரிந்தது. நடுவில் 'ஆனால்' தெரிந்தது. மற்றதெல்லாம் ஒரே மை.

அதைக் கொண்டுபோய்க் காட்டினால் பெண்ணின் அம்மா நம்பவில்லை. "அண்ணன் வேண்டாம்னு எழுதியிருப்பாரு. நீங்களே தண்ணியில நனைச்சுட்டு வந்து கதை விடுறீங்க. பொய் சொல்ற மாப்பிள்ளை எங்களுக்கு வேண்டாம்."

கதவுக்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது. மறு ஞாயிறு டோடோ அண்ணாவைத் தரதரவென்று மின்சார ரயிலில் ஏற்றிக் குரோம்பேட்டைக்குக் கூட்டிப்போனேன்.

"அம்மா, தம்பி மேல தப்பில்ல. நான்தான் ஊறவெச்சேன்."

"பிரிக்காத லெட்டரையா? இப்படி ஒரு மனுஷன் உலகத்துல இருப்பாரா? நல்லா சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பக்கத்தில் அண்ணா மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மேஜைமேல் இருந்த வேதாகமத்துக்குள்ளிருந்து மாமாவின் பழைய கடிதம் ஒன்று மூலையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் டோடோ. உள்ளிருந்த கடிதத்தோடேயே உறையை மெல்ல உருவி எடுத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"அம்மா, ஒரு குண்டான்ல கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அந்த அம்மா பாய்ந்து பிடுங்கினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்தார், அப்படிச் சிரித்தார். "மன்னிச்சிடுங்க தம்பி. நீங்க சொன்னது நிஜந்தான்."

மாமாவுக்கு மறுபடி எழுதினோம். இம்முறை பதில் குரோம்பேட்டைக்கு வந்தது. முழுச் சம்மதம், ஆனால் கிறிஸ்துமஸ் லீவில் தான் வந்தபிறகுதான் கல்யாணம்.

கல்யாணம் முடிந்து சர்ச் வாசலில் நிற்கிறோம். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து டோடோ அண்ணா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அங்க எப்பனாச்சும் டோடோவைப் பார்த்துகீறீங்களா?"

"அது அழிஞ்சு முந்நூறு வருஷம்..."

"தெரியும் சார். தூரத்துலேர்ந்துனாச்சும்... ஒரு வாட்டி?"

அந்த முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷக் கடுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மாமாவின் கையை நறுக்கென்று கிள்ளினேன். "கரும்புத் தோட்டத்துல குண்டா ஏதோ போச்சுன்னு சொன்னீங்களே மாமா!"

மாமா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஆமா ஆமா... சட்டுன்னு மறைஞ்சிடுச்சு" என்றார்.

"எனக்குத் தெரியும் சார், ஒண்ணாவது மிச்சம் இருக்கும்னு" என்று அண்ணா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லி, ஞாயிறுதோறும் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.