ஆயிரத்து எண்பது படமும் சேவ் ஆஸ் அண்ணையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் எந்த நாட்டுக் கப்பலும் வரலாம். துறைமுக வீதி மாடியில் இருந்த எங்கள் அனிமேஷன் கடைக்குள் மட்டும் ஒரு அப்டேட்டும் நுழைய முடியாது. வாசலைக் காத்தவர் சேவ் ஆஸ் அண்ணை.

அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு படத்தை ஒன்பது விதமாகச் சேமித்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கப் போவார், அதனால் அந்தப் பட்டப்பெயர். கேட்டால், "ஒண்டு திறக்காட்டி மற்றது திறக்கும். ஒன்பதும் திறக்காட்டி அது என்ர பிழை இல்லை, உலகத்தின்ர பிழை" என்பார்.

அவருடைய கொம்பியூட்டருக்குக் கிட்டத்தட்ட என் வயது. அதைப் பற்றி யாரும் ஒரு சொல் குறையாகச் சொல்லக்கூடாது. திரை உறைந்துபோய்க் கால் மணித்தியாலம் நின்றாலும், "அது யோசிக்குது, குழப்பாதேங்கோ" என்று எங்களைத்தான் அதட்டுவார்.

நான் டிப்ளோமா முடித்த சூட்டோடு, லப்டொப்பில் புத்தம்புது சொப்ட்வெயரோடு போய் இறங்கினேன். இனி எல்லாரும் இதில்தான் படம் கீற வேண்டும் என்று முதல் நாளே அறிவித்தேன். அண்ணை அசையவில்லை.

"வரட்டும், வரட்டும். முதல்ல ஆமையைத் திறக்கட்டும்."

ஆமை என்பது அவர் நாற்பது அடுக்குகளில் கீறிய ஒரு கடலாமை. எந்தப் புது சொப்ட்வெயரும் அந்தக் கோப்பைச் சேதமில்லாமல் திறந்து காட்ட வேண்டும். எனக்கு முன்பே பத்து தோற்றிருந்தன. ஒன்றில் ஓடு மட்டும் நீந்தியதாம். இன்னொன்றில் நாலு காலும் முதுகில் முளைத்தனவாம். என்னுடையதில் ஆமை முழுசாக வந்தது. நான் கையைத் தட்டினேன். அண்ணை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனார்.

"கண் எங்க?"

"வாலுக்குப் பக்கத்தில இருக்கு அண்ணை. இழுத்து வைக்கலாம், ரெண்டு செக்கன்."

"பிள்ளை, கண்ணை இழுத்து வைக்கிற டொக்டரிட்ட நீங்கள் போவீங்களோ?"

பதினொன்றாவதும் தோற்றது.

எழுத்து விஷயத்தில் இன்னும் மோசம். ஒருமுறை அன்புவழிபுரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு அசையும் அழைப்பிதழ் செய்து அனுப்பினாராம். அங்கே இருந்த கொம்பியூட்டரில் எங்கள் பழைய தமிழ் எழுத்துரு இல்லை. மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் துள்ளிக்கொண்டு வந்தன. "இது எந்த நாட்டு மாப்பிள்ளை?" என்று பெண் வீட்டார் கேட்டார்களாம். அன்றோடு அண்ணை ரைப் பண்ணுவதையே விட்டார். தலைப்பு என்றால் ஒவ்வொரு எழுத்தையும் படமாகக் கீறுவார். "ணௌ" வராத வரைக்கும் நாங்கள் பிழைத்தோம்.

இப்படியிருக்க, கடை முதலாளி ரூபி அக்கா ஒரு வேலையை என்னிடம் தந்தார். இறக்கக்கண்டி மீனவர் சங்கத்துக்குத் தொண்ணூறு செக்கன் கார்ட்டூன். உயிர்காப்பு அங்கி போடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒருவர் கடலில் விழும் கதை. சனி பின்னேரம் ஆறு மணிக்குக் கடற்கரையில் பெரிய திரையில் காட்ட வேண்டும்.

"இது ஒழுங்கா ஓடினா வேலை நிரந்தரம், பிள்ளை. ஓடாட்டி நான் வேற ஆள்தான் பாக்க வேணும்."

வீட்டில் ஏற்கெனவே வங்கிப் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கி வைத்துவிட்டார்கள். நான் என் லப்டொப்பில், என் சொப்ட்வெயரில், மூன்று கிழமை வெறியோடு கீறினேன். வெள்ளிக்கிழமை வீடியோவாக்கித் திரைக்காரருக்கு அனுப்பினேன்.

சனி காலை பத்து மணிக்கு அவர் போன் எடுத்தார். "தங்கச்சி, சத்தம் மட்டும் வருது. படம் ஒரே கறுப்பு."

அண்ணை மெல்லத் திரும்பினார். "நேற்று அப்டேட் கேட்டதோ?"

"ஓம்."

"நீங்கள் ஓம் எண்டு அமத்தினனீங்களோ?"

"...ஓம்."

செத்தவீட்டுச் செய்தி கேட்டவர் மாதிரிக் கதிரையில் இருந்தார். புது வேர்ஷன் புது வகை வீடியோவைத்தான் தந்தது. அதைத் திறக்கத் திரைக்காரராலும் ஏலாது, அண்ணையின் மெஷினாலும் ஏலாது, என் லப்டொப்பாலும் ஏலாது. பழைய வேர்ஷனுக்குத் திரும்பினால் என் கோப்பே திறக்காது.

"வீடியோவை விடுங்கோ. சத்தம் இருக்குத்தானே, மிச்சத்தைப் படம் படமா எடுங்கோ. படத்தைத் திறக்காத மெஷின் இல்லை."

செக்கனுக்குப் பன்னிரண்டு. மொத்தம் ஆயிரத்து எண்பது படம். அவருடைய மெஷினில் போட்டு ஓட்டினோம். மீனவர் கடலில் விழுந்தார், வீட்டில் தேத்தண்ணி குடித்தார், மூழ்கினார், அங்கியோடு கை காட்டினார், திரும்ப மூழ்கினார். அந்தப் பழைய மெஷின் ஒன்றுக்குப் பிறகு இரண்டை எடுக்காது. பத்து, நூறு, ஆயிரம் என்று போகும். எல்லாப் பெயரையும் நாலு இலக்கமாக்கினால்தான் வரிசை வரும்.

"அண்ணை, என்ர லப்டொப்பில ஒரே அமத்தில மாத்தலாம்!"

"நேற்றும் ஒரே அமத்துத்தானே?"

ஒவ்வொன்றாகக் கையால் மாற்றத் தொடங்கினார். பூச்சியம் பூச்சியம் பூச்சியம் ஒன்று. நான் நின்றேன், நடந்தேன், யன்னலால் பார்த்தேன், திரும்பி வந்தேன். நாற்பத்தேழு. நகம் முடிந்துவிட்டது. முந்நூறு. ரூபி அக்கா இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு பார்சலுக்குள்ளேயே ஆறியது. மூன்றரைக்கு ஆயிரத்து எண்பது. மீனவர் முறையாக விழுந்து, முறையாக எழும்பினார்.

"இஞ்ச ஓடுது. அங்க ஓடுமோ ஆர் கண்டது? மெஷினையே கொண்டு போவம்."

ஓட்டோவில் ஏறினோம். துவாயால் சுற்றிய கொம்பியூட்டர் அண்ணையின் மடியில். நிலாவெளி வீதியில் ஒவ்வொரு குழிக்கும், "தம்பி, மெதுவா! உள்ளுக்கு ஒரு மீனவர் இருக்கிறார்!" என்று ஓட்டுநரிடம் கத்தினார்.

ஆறு பத்துக்குப் படம் ஓடியது. கார்ட்டூன் மீனவர் அங்கியைத் தூக்கி எறிந்ததும் கூட்டத்தில் ஒருவரைக் காட்டி எல்லாரும் சிரித்தார்கள். "டேய், அது நீதான்டா!" எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உடனே ரூபி அக்கா பக்கத்தில் வந்தார். "காலமை ஏன் கறுப்பா வந்தது? ஆர்ட பிழை?"

வாயைத் திறந்தேன். அண்ணை குறுக்கே வந்தார்.

"என்ர மெஷின் பழசாப்போச்சு அக்கா. அதுக்குப் புதுசு ஒண்டும் விளங்காது. பிள்ளை நல்லாத்தான் செய்தவ."

அக்கா தலையாட்டினார். "சரி பிள்ளை, திங்கள் வந்து நிரந்தர வேலைக் கடிதத்தை எடும்."

திரும்பி வரும்போது ஓட்டோவில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அண்ணை கவனிக்கவில்லை. மடியில் இருந்த துவாயைத் தடவிக்கொண்டு, குனிந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்து மெல்லச் சொன்னார்:

"கோவிக்காத, என்ன? சும்மா சொன்னனான்."