தலைகீழ்ப் பலகை

கால்கள் கூரையைப் பார்க்க, தலை தரைக்கு ஒரு முழம் மேலே நிற்க, லாசரஸ் தன் படுக்கையறையில் தொங்கிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் தொங்கினால் போதும் என்பது ஏற்பாடு. இருபது நிமிடம் ஆகிவிட்டது.

எல்லாம் கழுத்தால் வந்த வினை. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் அவர். உயரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கீழே குனிந்து பார்க்கிற வேலை. பன்னிரண்டு வருடமாகச் சொன்னபடி கேட்ட கழுத்து, இரண்டு மாதமாக முறைத்துக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை மெடிக்கல். டாக்டர் இடமும் வலமும் திருப்பச் சொல்வார். திரும்பாவிட்டால் கிரேன் போய்விடும், கிடங்கில் மூட்டைகளுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

நடுவில் ஒரே ஒருமுறை வலி குறைந்தது. சாங்கியில் மச்சான் எட்மண்ட் வீட்டில் மூன்று நாள் தங்கியபோது. கடல் காற்றுதான் காரணம் என்று லாசரஸ் முடிவு கட்டினார். கடல் காற்றைக் கட்டிக் கொடுக்க முடியாத எட்மண்ட், ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கர் விட்டுப்போன இந்தப் பலகையைக் கொடுத்தனுப்பினான். காலைப் பூட்டிக்கொண்டு தலைகீழாகச் சாய்ந்தால் முதுகெலும்பு நீளுமாம், கழுத்தின் இறுக்கம் விடுமாம்.

"கையைத் தூக்கினா சாயும், நெஞ்சுல வச்சா நிமிரும். ஈஸிலா, அத்தான்."

லாசரஸ் மாற்றி நினைவு வைத்திருந்தார். நிமிர வேண்டி இரண்டு கையையும் தூக்கினார். பலகை முழுசாகக் கவிழ்ந்து, அதன் முனை அலமாரியில் சிக்கிக்கொண்டது. வீவக அடுக்குமாடி வீட்டு அறையின் அகலம் அமெரிக்கருக்கு எங்கே தெரியும்?

கூப்பிட்ட குரலுக்கு மனைவி உர்சுலா வந்தாள்.

"உங்களுக்காக ஒன்பது வாரமா கோயிலுக்கு நொவேனா ஜெபத்துக்குப் போறேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல?"

"முதல்ல அலமாரியை நகர்த்து."

நகர்த்தினாள். அலமாரிக் கதவு திறந்து பலகைக்குக் குறுக்கே விழுந்தது. இப்போது பலகையும் அசையவில்லை, கதவும் அசையவில்லை. ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கிய லாசரஸ் தக்காளிப் பழமாகிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுத் தையல்கார நஃபீசாவை உர்சுலா அழைத்து வந்தாள். கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவள் சிரிக்கவில்லை. அதற்காகவே லாசரஸுக்கு அவள்மேல் தனி மரியாதை உண்டாயிற்று. கால் பூட்டைக் கழற்றி ஆளை இறக்கிவிடலாம், தலைக்குக் கீழே ஏதாவது மெத்தென்று வைத்தால் போதும் என்றாள் அவள். கட்டிலில் இருந்த லாசரஸின் தடித்த இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்தாள்.

"அது வேணாம் நஃபீசா, வேற தரேன்," என்றாள் உர்சுலா அவசரமாக.

"எதையாவது வைங்கம்மா," என்று முனகினார் லாசரஸ்.

நஃபீசா கையிலிருந்த தலையணையையே கீழே வைத்தாள். பூட்டைக் கழற்றினார்கள். பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு, இரண்டு பெண்களின் பிடிக்குள் அடங்கவில்லை. தலை நேராகத் தலையணையில் இறங்கியது.

'ணங்' என்றது.

லாசரஸ் உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உர்சுலா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தாள். நஃபீசா தலையணையை அமுக்கிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன் கிரேன்லேருந்து விழுந்துடக் கூடாதுன்னு ரெண்டு மாசம் முன்னாடி என் மெஷின்ல இந்தத் தலையணைக்குள்ள வச்சுத் தச்சீங்களே, பித்தளை மாதா சுரூபம், அதை இன்னும் வெளிய எடுக்கலையா?"