ராகு காலத்துக்கு முன் ஒரு தட்டு

ஒரு காட்டில், பதினேழு முயல் குட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற கார் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் சென்னியப்பன் என்கிற கரடி. ஒரு காரில் பதினேழு பேரா என்று கேட்காதீர்கள். முயல்கள்தானே, அடுக்கிவிடலாம்.

ஒரு சனிக்கிழமை அந்தக் காரின் ஹாரன் வாயை மூடிக்கொண்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வண்டிச் சோதனை. சோதனை அதிகாரி ஒரு யானை. எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் ஹாரனைத்தான் அழுத்துவார். சத்தம் வராவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் முயல் சவாரி அடுத்து வரிசையில் நிற்கும் நரியின் வேனுக்குப் போய்விடும். முயல்களை நரி வேனில் ஏற்றலாம் என்று ஒரு பள்ளிக்கூடம் எப்படி நினைக்கும் என்றால், நரியின் விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. நிர்வாகத்துக்கு அது போதும்.

சென்னியப்பனுக்கு இதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. இராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து மரத்துக் குரங்கு குப்பண்ணனைக் கூப்பிட்டார்.

குப்பண்ணன் எப்போதோ ஒரு மிக்ஸியைச் சரிசெய்திருந்தான். அந்த மிக்ஸி இன்றைக்கும் ஓடுகிறது, நிறுத்தத்தான் முடியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து காட்டில் எது பழுதானாலும் அவன்தான் டாக்டர். நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி நாலு பதினைந்துக்கு வந்தான். கையில் சுத்தியல், தோளில் ஒயர் சுருள், செல்போனில் பாதி பார்த்த வீடியோ.

கூப்பிடாமலே வந்த ஆள் நாச்சிமுத்து என்கிற ஆமை. பொருளோடு வருகிற புத்தகத்தை முழுக்கப் படிக்கிற ஒரே பிராணி அந்தக் காட்டில் அவர்தான். கொசு மட்டை வாங்கினால்கூட அதன் தாளைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் முதல் கொசுவை அடிப்பார். அதற்குள் கொசு கடித்துவிட்டுப் போயிருக்கும் என்று காட்டில் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

"ஏனுங்க சென்னியப்பா, வண்டியோட வந்த புத்தகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார் ஆமை.

"டேஷ்போர்டுல கெடக்குதுங்கண்ணா. பிரிக்கவே இல்லீங்க."

ஆமை புத்தகத்தைப் பிரித்தார். குப்பண்ணன் பேட்டரியைப் பிரித்தான்.

"ஹாரன் ஒயரு கியர் தண்டுக்கு முன்னால இருக்கற மூடிக்கு அடியில போகுதுங்க மாமா," என்றான் குரங்கு. "மூடி இறுகிப்போச்சு. நாலு தட்டு தட்டினா வந்துரும்."

"தட்டாத!" என்று அலறினார் ஆமை. ஆமை அலறி நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். கேட்டால் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும், அதனால் யாரும் பயப்படவில்லை. "அந்த மூடிக்குப் பக்கத்துலதான் ஏர்பேக் சென்சார் பெட்டி இருக்குது. வண்டி எங்கியாச்சும் மோதினா அதுதான் கண்டுபுடிச்சு ஸ்டீயரிங்குக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற காத்துப் பையை வெடிக்க வெக்கும். பேட்டரியக் கழட்டினாலும் அதுக்குள்ள கொஞ்ச நேரம் கரண்டு தங்கியிருக்குமாம். பதினஞ்சு நிமிஷம் பொறுத்துத்தான் கை வெக்கோணும்னு போட்டிருக்குது. இப்ப அடிச்சா வண்டி மோதிப்போச்சுன்னு அது நெனச்சுக்கும். பை வெடிச்சுரும்!"

கரடி கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு இருபத்தி மூன்று.

"ஐயோ, நாலரைக்கு ராகு காலமுங்களே! பதினஞ்சு நிமிஷம் பொறுத்தா ராகு காலத்துலயல்ல ஆரம்பிக்கோணும்? நாளைக்கு என்ற பொழப்பே இதுல இருக்குதுங்கண்ணா."

"அப்ப ஆறு மணிக்கு மேல செய்யுங்க."

"நாளைக்குக் காலையில சோதனைய வெச்சுக்கிட்டு, ஒரு வேலையும் தொடாம ஆறு மணி வரைக்கும் சும்மா உக்காருறதுங்களா?"

இந்த இக்கட்டுக்கு நம்மவர்களிடம் ஒரு வழி உண்டு, உங்களுக்கும் தெரியும். நல்ல நேரத்தில் பெயருக்குத் தொட்டு வைத்துவிட வேண்டும். வீடு கட்டுகிறவர் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வருவார். ஊருக்குப் போகிறவர் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார். அதன் பிறகு ராகு வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, வேலைதான் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டதே.

"சும்மா ஒரே ஒரு தட்டுங்க மாமா," என்றான் குப்பண்ணன். "ஒண்ணே ஒண்ணு. ஆரம்பிச்சதாகட்டும். பாக்கியை ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

"அடிச்சுப்போடு மாப்ளே!" என்றார் கரடி. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங் மேல் தாடையை வைத்து, செல்போன் விளக்கைக் கீழே காட்டினார்.

"வெடிக்கும்! வெடிக்கும்!" என்றார் ஆமை.

மணி நாலு இருபத்தெட்டு. குரங்கு மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டு, சுபமாக ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

வெடித்தது.

புகை அடங்கியபோது சென்னியப்பன் பின் சீட்டில் கிடந்தார். தலை முதல் கால் வரை வெள்ளைப் பொடி. மூக்கு பூசணி அளவுக்கு வீங்கியிருந்தது. இடது காதுக்குள் யாரோ விடாமல் மணியடித்தார்கள். அவர் மனைவி பொன்னாத்தாள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து, வெள்ளைக் கரடியைப் பார்த்து யாரோ என்று நினைத்து ஒரு கணம் தேடினாள். பிறகு அடையாளம் தெரிந்து ஓவென்று அழுதாள்.

இப்போது நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். குரங்கு தலைகுனியும், கரடி திருந்தும், எல்லோரும் ஆமையின் காலில் விழுவார்கள். இது அந்தக் காடு இல்லை.

"நல்லவேளைங்க மாமா, நல்ல நேரத்துல தட்டுனோம்," என்றான் குப்பண்ணன். "இதே ராகு காலமா இருந்திருந்தா உசுரே போயிருக்கும்."

கரடி நன்றியோடு தலையாட்டினார். பொன்னாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமை பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, வேல ஆரம்பிக்கறப்ப வெடிக்கும் வெடிக்கும்னு வாய் வெக்கலாமுங்களா? ஒரு நல்ல வார்த்த வரக்கூடாதா உங்க வாயில?"

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு எரிந்தது. எழுபது வருடமாகப் படித்ததற்கு இதுதானா மரியாதை என்று நினைத்தார். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். போய்விடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் ஆமை போவதற்குள் ஆறு மணி ஆகிவிட்டது.

இடையில் குப்பண்ணன், வெடித்த வேகத்தில் ஹாரன் தானாகச் சரியாகியிருக்குமோ என்று பேட்டரியைத் திரும்ப மாட்டிப் பார்த்தான். ஆகவில்லை. ராகு காலம் முடிந்ததும் மறுபடி பேட்டரியைக் கழற்றிய கையோடு சுத்தியலை எடுத்தான். வெளிச்சம் போதவில்லை என்று பொன்னாத்தாள் டார்ச்சோடு ஏறி இடது பக்கத்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்துப் பை இன்னும் வெடிக்காமல் அவள் முகத்துக்கு நேரே டேஷ்போர்டுக்குள் இருந்தது. புத்தகத்தில் சொன்னபடி ஒரு வார்த்தை சொன்னால் அதற்குள் தட்டிவிடுவார்கள், பழியையும் தன் மேல் போடுவார்கள். கரடி வீட்டு வாசல் ஆணியில் பஞ்சாங்கம் தொங்கியது. அதை இழுத்து, வண்டிப் புத்தகத்தை அதற்குள் வைத்து விரித்தார்.

"சென்னியப்பா, உங்க நச்சத்திரம் என்னங்க?"

"ஆயில்யமுங்க."

"அட கெரகமே! சந்திராஷ்டமம்!"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"எ... எப்ப வரைக்குமுங்க?" என்றார் கரடி.

ஆமை வண்டிப் புத்தகத்தின் எழுபத்தி நாலாம் பக்கத்தைப் பார்த்தார். "ஆறு பதினெட்டு வரைக்கும். அது வரைக்கும் வண்டிக்குள்ள சாவி இருக்கக்கூடாது. வீட்டு ஆளுங்க ஒருத்தரும் உள்ள உக்காரக்கூடாது. பேட்டரி ஒயரு பேட்டரியத் தொடக்கூடாது."

பொன்னாத்தாள் கதவைத் திறந்து குதித்தாள். கரடி சாவியைப் பிடுங்கிக்கொண்டு இருபதடி தள்ளிப் போய் நின்றார்.

"அப்பறமுங்கண்ணா?" என்றான் குப்பண்ணன். குரலில் அப்படி ஒரு பணிவு.

"இரும்பால அடிக்கக்கூடாது. இன்னைக்கு ஆகாது. திருப்புளி வெச்சு மெதுவாத் திருகித்தான் மூடியக் கழட்டோணும். மஞ்சக் கலர் ஒயரைத் தொடவே கூடாது."

"மஞ்சளையுங்களா? மங்களகரமாச்சே?"

"அதனாலதான் தொடக்கூடாது," என்றார் ஆமை. மஞ்சள் ஒயர்தான் பைக்குப் போகிறது என்று புத்தகத்தில் போட்டிருந்ததை அவர் சொல்லவில்லை.

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பதினெட்டு நிமிடம் கைகட்டி நின்றார்கள். ஒருவர்கூடச் செல்போனைப் பார்க்கவில்லை. ஆறு பதினெட்டுக்கு மேல் திருப்புளியால் மூடியைக் கழற்றி, அறுந்திருந்த ஒயரை முறுக்கிச் சுற்றினான் குரங்கு. பேட்டரியை மாட்டியதும் ஹாரன் காடு அதிரக் கத்தியது. பொன்னாத்தாள் ஓடி வந்து ஆமையின் காலைத் தேடிப் பிடித்துக் கும்பிட்டாள்.

மறுநாள் யானை ஹாரனை அழுத்தித் திருப்தியோடு தலையாட்டினார். ஸ்டீயரிங்கில் இருந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் 'ஒரு வாரத்துக்குள் புதுப் பை' என்று எழுதிச் சான்றிதழைக் கொடுத்தார். முயல்கள் கரடியிடமே இருந்தன. நரி அடுத்த விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தது.

பஞ்சாங்கத்தை வைத்துப் பொய் சொன்ன வெட்கத்தில் இரண்டு நாள் நாச்சிமுத்து சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் வளைக்கு முன்னால் பதினொரு வண்டிகள் வரிசையில் நின்றன. குப்பண்ணன் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆமை பெருமூச்சு விட்டார், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டார், எழுபத்தி நாலாம் பக்கத்தைத் திறந்தார். அதன் பிறகு அந்தக் காட்டில் பழுது பார்க்கும்போது ஒரு பைகூட வெடிக்கவில்லை.

நீதி: பேட்டரியைக் கழற்றிய பிறகு பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஏன் என்கிற உண்மையை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.