உயிரோடிருக்கும் டிரம்மருக்கு இரங்கல் கூட்டம்

மரியாதைக்குரிய அத்தைக்கு,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்து, கிழித்ததை இரண்டு வேறு குப்பைத்தொட்டிகளில் போடுங்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்களுக்கு முழங்கால் வலி உண்டா என்று எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு எழுதும்போது உடம்பை விசாரிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை. நான் உங்கள் தம்பி மகள், ஒன்பதாம் வகுப்பு. உங்கள் முகவரியை அம்மாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து திருடினேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தினால். என் கையெழுத்து உண்மையில் நன்றாக இருக்கும்.

அத்தை, நான் அப்பாவைக் கொன்றுவிட்டேன். பதறாதீர்கள், அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மட்டும் கொன்றிருக்கிறேன்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நீங்கள் எடுத்த ‘துருப்பிடித்த மின்னல்’ படம் மூன்று நாள்தான் ஓடியது என்றும், அதில் வருகிற ராக் இசைக்குழு நீங்களும் உங்கள் சிநேகிதிகளும் காபி குடித்துக்கொண்டே கட்டிவிட்ட கதை என்றும் அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் யாரோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அந்தப் படத்துக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. படத்தின் கடைசியில் ஒரு பாட்டு நாடா தொலைந்துபோகிறதே, அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இல்லாத குழுவின் பாட்டு எப்படித் தொலையும் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு இந்த வருடம் புதிதாக வந்த இயற்பியல் சார் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் கைபேசியைத் திறந்தாலே ‘இடி’ என்கிற அந்தக் குழுவின் டிரம்மர் முகம்தான் தெரியும். அதாவது, தலை நிறைய முடியோடு அப்பா.

அன்றைக்கு நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு போகவில்லை. சார் என் மேசைக்கு வந்துவிட்டார். பேச்சை மாற்றுவதற்காக, “சார், உங்க போன்ல இருக்கறது எங்கப்பா” என்றேன். சார் நோட்டைக் கீழே போட்டுவிட்டார். “இப்ப எங்க இருக்கார்மா?” என்று கேட்டார். வீட்டில் இருக்கிறார் என்று சொன்னால் அன்று சாயங்காலமே வந்து நின்றிருப்பார். எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் பேரை எடுத்தாலே அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதனால் என் வாய், “செத்துட்டார் சார்” என்றது. “எப்படி?” என்றார். “மேடையிலயே, சார். பாட்டு முடியறதுக்குள்ள.” சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் வீட்டுப்பாடமே கேட்பதில்லை. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு வாரம் சுகமாகத்தான் இருந்தது. கேன்டீன் அக்கா எனக்கு மட்டும் பன்னில் ஜாம் இருமடங்கு தடவினார்.

அப்புறம் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா போனாள். திரும்பி வந்து, “உங்க சார் ரொம்ப நல்ல மனுஷன்டி. ‘தனியா வளர்க்கறது கஷ்டம், தைரியமா இருங்க’ன்னு குரல் அடைச்சுப்போய் சொல்றார். நீ அவ்வளவு மோசமாவா படிக்கறே?” என்று கேட்டாள். அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே, “சரியாத்தான சொல்லியிருக்கார், நான் எங்க அவ படிப்பப் பாக்கறேன்” என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளி அரங்கத்தில் ‘இடி’க்கு இரங்கல் கூட்டம். சுவரொட்டி அடித்துவிட்டார்கள், சுற்றிலும் கறுப்புக் கரை. நாலு ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒரு நிமிட மௌனம், அது முடிந்ததும் பன்னிரண்டு டிரம்மர்கள் ஒரே நேரத்தில் அடிப்பார்களாம். இதோடு போயிருந்தால்கூட நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அப்பா காது பரிசோதகர் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எங்கள் வீட்டில் கரண்டியைக்கூடத் துணி மேல்தான் வைக்க வேண்டும். நேற்று அவர், “வெள்ளிக்கிழமை உங்க ஸ்கூல் பசங்களுக்குத்தான் காது டெஸ்ட். அரங்கத்துக்குப் பக்கத்து ரூம் குடுத்திருக்காங்க. நல்ல அமைதியான இடமாம்” என்று சந்தோஷமாகச் சொன்னார். அத்தை, பன்னிரண்டு டிரம் முழங்கினால் அவர் சும்மா இருப்பாரா? யார் அது என்று கேட்டுக்கொண்டு வெளியே வருவார். வந்து தன் படத்துக்குக் கீழேயே நிற்பார். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள்.

என்னைத் திட்டினால் பரவாயில்லை. அவர்கள் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அப்பா படப்பிடிப்புக்கு வேன் ஓட்டத்தான் வந்தாராம், டிரம்மராக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்ததால் அவரை உட்கார வைத்தீர்களாம், அது நகைச்சுவைப் படம் என்று அவரிடம் மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையாம். குழு பிரிகிற காட்சியில் அவர் நிஜமாகவே அழுதாராம். முதல் நாள் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்ததாம், அவர் நடுவில் எழுந்து வெளியே போனாராம், அன்றிலிருந்து உங்களோடு பேச்சு இல்லையாம். இன்னொரு தடவை அப்படி நடந்தால், அதுவும் என்னால் நடந்தால், என்னோடும் முப்பது வருடம் பேசமாட்டார். எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது ஆகியிருக்கும்.

அதனால் ஒரே ஒரு உதவி. கடிதம் புதன்கிழமை கிடைத்துவிடும். வியாழக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து, உங்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் காது என்றால் கிளம்பிவிடுவார். ஆனால் அவர் பேசும்போது பதில் சொல்லிவிடாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பான விசாரிப்புகளை, இல்லை, யாருக்கும் சொல்லாதீர்கள், நான் எழுதியதே தெரியக் கூடாது. இப்படிக்கு, உங்கள் கீழ்ப்படிதலுள்ள

கதவை யாரோ தட்டுகிறார்கள். நகத்தால். அப்படித் தட்டுகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தா

பின்குறிப்பு: அத்தை, போன் செய்யாதீர்கள். உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

கூட்டம் இருப்பதால் பரிசோதனை நேரத்தை மாற்றச் சொல்லிப் பள்ளி அலுவலகம் அப்பாவுக்கே கடிதம் அனுப்பியிருக்கிறது, சுவரொட்டியோடு. சாயங்காலத்திலிருந்து அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பிரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரொட்டியில் இருந்த தன் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு, “சிரிக்க மாட்டாங்கல்ல?” என்றார்.

“மாட்டாங்கப்பா. சார் இப்பவே அழறார்.”

“அப்ப நான் போயிட்டதாவே இருக்கட்டும். இந்த மொட்டைத் தலையோட போய் நின்னா கெட்டுப்போயிடும். நேரத்த மாத்த வேண்டாம்னு சொல்லிடறேன். நான் பக்கத்து ரூம்ல கதவக் கொஞ்சமா திறந்து வெச்சுக்கறேன்” என்றார். அப்புறம் போர்வைக்குள்ளிருந்து டார்ச்சையும் இந்தக் கடிதத்தையும் எடுத்தார். முழுவதும் படித்தார். முழங்கால் வரியைப் படித்துவிட்டு, “அவளுக்கு இடுப்புதான் வலி” என்றார்.

நீங்கள் வெள்ளிக்கிழமை கட்டாயம் வரவேண்டுமாம். மேடையில் உங்கள் தம்பியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டுமாம். இனி வருவது அவரே சொல்லச் சொல்ல நான் எழுதியது: “பேசறப்ப அவ ஒரு தடவ சிரிச்சாலும் சரி, நான் உயிரோட வெளிய வந்துடுவேன்னு எழுது.”