நிற்காமல் ஆறு சுற்று

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்தோடு எழுதுவது. நானும் என் வீட்டுக்காரியும் இங்கே சௌக்கியம். நீயும் அத்தானும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்காலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நீ மூன்று தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். முதல் தடவை என் காதுக்குள் தண்ணீர், இரண்டாம் தடவை மூக்குக்குள் தண்ணீர், மூன்றாம் தடவை நானே தண்ணீருக்குள். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் உயிரோடு இருக்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆற்றின் இந்தக் கரையில் ஏறுகிறவர்களை அந்தக் கரையில் இறக்கிவிடும் படகில் டிக்கெட் கிழிப்பது, வழியை மறித்து நிற்பவர்களை உள்ளே நகர்த்துவது, குடையை விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் பின்னால் ஓடுவது. இத்தனை வருஷமும் தண்ணீர் மேலேயே பிழைத்தேனே தவிர, தண்ணீருக்கும் எனக்கும் நேரடிப் பழக்கம் கிடையாது. இப்படி இருக்கையில் மேனேஜர் ஒரு நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு, "இனிமே படகுல ஏறுற ஸ்டாஃப் அத்தனை பேரும் நீச்சல் டெஸ்ட்ல பாஸ் பண்ணணும். நீச்சல் குளத்துல நிக்காம ஆறு சுத்து. அப்புறம் யூனிஃபார்மோட அஞ்சு நிமிஷம் மிதக்கணும்" என்றார். "பாஸ் பண்ணலேன்னா சார்?" என்று கேட்டேன். "அதான் கரையில கவுன்ட்டர் இருக்கே" என்று சிரித்தார். அந்தக் கவுன்ட்டரை நீ பார்த்ததில்லை அக்கா. ஆற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஆற்றைப் பார்க்க ஜன்னல் இல்லை. ஒரு மின்விசிறி சுவருக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். எனக்குக் காற்று வேண்டும், ஆட்கள் வேண்டும். ராத்திரி டியூட்டி முடிந்து வருகிற நர்ஸ்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குவதையும், வேலைக்கு நேரமாகிவிட்டவர்கள் படகுக்குள்ளேயே முன்பக்கம் நடந்து போய் சீக்கிரம் போய்ச் சேரப் பார்ப்பதையும் தினமும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் தண்ணீரில் இறங்கினேன். இந்த வயதில் எனக்கு ஏதோ ஆசை வந்துவிட்டதாக நீ சித்தியிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது.

எனக்கு நீச்சலே தெரியாது என்று சொல்ல முடியாது. கையைக் காலை அடித்துக் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்விடுவேன். போனபிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏன் வந்தோம் என்று யோசித்தபடி வெகுநேரம் மூச்சு வாங்குவேன். திரும்பி வருவதைப் பற்றி அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. சரி, பழகலாம் என்று நீச்சல் உடை வாங்கப் போனால், கடைக்காரர் என் வயிற்றை ஒரு பார்வை, உடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டைட்டாதான் சார் இருக்கும், தண்ணியில தளரும்" என்றார். தண்ணீரில் தளர்ந்தது நான்தான். கூடவே ஒரு நீச்சல் கண்ணாடி. அதைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி இரண்டு சிவப்பு வளையம் மத்தியானம் வரை போகாது. படகில் தினமும் வருகிற டீச்சரம்மா டிக்கெட்டை நீட்டிக்கொண்டே, "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லம்மா, நீச்சல்" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லி மறைப்பாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரி படகில் வந்தால் ஜனங்கள் ஒதுங்கி உட்காருகிறார்கள்.

குளத்தில் பயிற்சி கொடுப்பவர் ஒரு இளம்பெண். கழுத்தில் விசில் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை, அதனால் எனக்கு அவர் விசில் மேடம். "மூச்சை வெளியில எடுங்க, தண்ணிக்குள்ள விடுங்க" என்றார். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நான் ஒழுங்காகத்தான் செய்தேன், வரிசை மட்டும் மாறிவிட்டது. "சார், குளத்துல தண்ணி குறையுது" என்று விசில் மேடம் மேலிருந்து சத்தம் போட, எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்த ஒரு அம்மாவும் சிரித்தார். அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ரிடையர் ஆகி எத்தனையோ வருஷமான தபால் ஆபீஸ்காரர், தலை நனையாமல் நீந்துவார், நீந்திக்கொண்டே மருமகளைப் பற்றிப் பேசுவார். நான் உயிரைக் கொடுத்துத் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து, "அவ என்ன சொன்னா தெரியுமா?" என்பார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் எனக்குத் தண்ணீர். அதற்குள் தாண்டிப் போயிருப்பார். மறுபடி பின்னாலிருந்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒரு வாரத்தில் அவர் குடும்பக் கதை முழுக்க எனக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை.

வீட்டிலும் பழகினேன். சாப்பாட்டு மேஜை ஸ்டூலில் குப்புறப் படுத்துக் காலை அடித்தேன். "மேல அடிங்க, இன்னும் மேல" என்று உன் தம்பி மனைவி காய் நறுக்கிக்கொண்டே உற்சாகப்படுத்தினாள். ஸ்டூல் தரையில் வழுக்கிக்கொண்டு கிளம்பி, ஃபிரிட்ஜில் போய் நின்றது. இந்தப் பயிற்சியில் நான் மிக வேகமாகப் போனது அந்த ஒரு தடவைதான். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "வீட்டுக்குள்ள என்ன சார் ஓட்டுறீங்க?" என்றார். வயிற்றில் ஸ்டூல் பதிந்த அடையாளத்தோடு நின்று அசடு வழிந்தேன். அன்று ராத்திரி மனசு விட்டுப்போயிற்று அக்கா. கவுன்ட்டருக்கே போய்விடுகிறேன் என்று சொன்னேன். அவள், "நீங்க சாயங்காலம் வந்து படகுக்கதை சொல்லலேன்னா, இந்த வீட்ல நானும் டிவியும்தான் பேசிக்கணும். ஒழுங்கா போய் நீந்துங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் போனேன். எப்போதும் போல அவசரமாக அடிக்கத் தோன்றவில்லை, உடம்பிலும் தெம்பில்லை. படகுத்துறை நெருங்கும்போது எங்கள் படகின் இன்ஜினைக் குறைப்பார்கள், அப்போது டுக்... டுக்... டுக் என்று ஒரு சத்தம் வரும். அது எனக்கு மனப்பாடம். வாய்க்குள் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே ஒரு டுக்குக்கு ஒரு கை என்று போட்டேன். கரை வந்தது, கம்பியைப் பிடிக்கத் தோன்றவில்லை, திரும்பினேன். மறுபடி கரை, மறுபடி திரும்பினேன். தபால் ஆபீஸ் அம்மா தாண்டிப் போனபோது மட்டும் கொஞ்சம் வேகம் காட்டலாமா என்று சபலம் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆறாவது சுற்று முடிந்தது எனக்கே தெரியாது. விசில் மேடம் விசிலை ஊதாமல் கையைத் தட்டினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நல்லவேளை, குளத்தில் அழுதால் யாருக்கும் தெரியாது.

போன வியாழக்கிழமை டெஸ்ட். மேனேஜர், இன்ஜின் மெக்கானிக், கயிறு கட்டுபவர், எல்லோரும் வரிசையாக நின்றோம். கடைசியில் கேப்டன். அவர் மீசையைப் பார்த்தாலே ஆறு ஒதுங்கி வழிவிடும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் ஒரு நாள் கூடப் பழக வரவில்லை. "முப்பது வருஷமா படகு ஓட்டுறேன், எனக்கா நீச்சல்?" என்றார். முதலில் மிதக்கும் டெஸ்ட். யூனிஃபார்மோடு குதித்தோம். சட்டை காற்று பிடித்து நான் தலையணை மாதிரி மிதந்தேன். கேப்டனின் தொப்பி நன்றாக மிதந்தது. கேப்டனைக் காணோம். அடுத்த நொடி மேலே வந்தவர், கையில் அகப்பட்ட என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் எடை உனக்குத் தெரியாது. இரண்டு பேரும் கீழே போனோம். நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா, படகு நிற்பதற்குள் முண்டியடிப்பவர்களிடம் தினமும் நூறு தடவை சொல்லுகிற வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. மேலே வந்ததும் அவர் காதில், "தள்ளாதீங்க, தள்ளாதீங்க, கரை வந்ததும் இறங்கிக்கலாம்" என்றேன். என்ன பழக்கமோ, மனுஷன் பிடியை விட்டுவிட்டார். மல்லாக்கப் போட்டு, காலரைப் பிடித்து, டுக் டுக் என்று இழுத்துக்கொண்டு வந்து படியில் சேர்த்தேன். விசில் மேடம் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார், ஆனால் தொடவில்லை. "நீங்களே கொண்டு போங்க சார், நல்லா போறீங்க" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிய பிறகு அந்த ஆறு சுற்றையும் முடித்தேன். பாஸ்!

கேப்டனின் ரிசல்ட்டை அங்கே சொல்லவில்லை. அவர் இல்லாமல் படகு ஏது, எப்படியும் பாஸ் போட்டுவிடுவார்கள். ஆகவே திங்கட்கிழமை முதல் நான் பழையபடி படகில். நீயும் அத்தானும் அவசியம் கிளம்பி வாருங்கள். முன்பக்கம் காற்று வருகிற இடத்தில் உட்காரவைத்து இக்கரைக்கும் அக்கரைக்கும் நாள் முழுக்க அழைத்துப் போகிறேன். பயப்படாதே, விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. நீ நூறு வருஷம் நன்றாக இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: நேற்று ராத்திரி இதை ஒட்டுவதற்குள் மேனேஜர் போன் செய்தார். வர வேண்டாம் அக்கா. மேலே படித்ததுமே டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. கேப்டன் ஃபெயில். வேறு கேப்டன் கிடைக்கும் வரை படகைத் துறையிலேயே கட்டிப் போட்டுவிட்டார்கள். பாஸான நாங்கள் எல்லோரும் திங்கட்கிழமை முதல் அந்த ஜன்னல் இல்லாத கவுன்ட்டரில், ஒரே மின்விசிறிக்குக் கீழே. சீக்கிரம் படகு ஓட வேண்டுமானால் கேப்டனுக்கு நீச்சல் வர வேண்டும், அதற்கு அவர் என்னைத் தவிர யாரோடும் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்கிறாராம். முதல் வகுப்பு இன்று காலை. இடுப்பளவு தண்ணீரில் என்னை "சார்" என்றார், கழுத்தளவு வந்ததும் "ஐயா" என்றார். கரையேறித் துண்டை எடுத்ததும், "டேய், டீ சொல்லு" என்றார்.