கேப்டன் தாழ்ப்பாள் போட்ட கப்பல்

கல்கத்தாவிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் விட்டது அரசாங்கம் என்று நீங்கள் நினைத்தால், டாலிகஞ்சில் எங்கள் குவார்ட்டர்ஸில் நீங்கள் குடியிருந்ததில்லை என்று அர்த்தம். கப்பல் விட்டது கேப்டன். அரசாங்கம் டிக்கெட் மட்டும்தான் கிழித்தது.

கேப்டன் என்பது நாங்கள் வைத்த பெயர்; அவருக்குத் துறைமுக அலுவலகத்தில், பென்ஷன் பிரிவில் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடி. அவருக்குக் கப்பலைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது, அதில் ஏறினால் எப்படி இருக்கும் என்பதைத் தவிர. ஹூக்ளி ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியில் கால் வைத்தாலே அவருக்குக் குமட்டும். அதனால் ஹௌராவுக்குப் போவதென்றால் பஸ் பிடித்து, பாலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். "கல்யாணமான புதுசுல ஒரு தடவ தோணியில ஏறுனாவ. ஏறுன வேகத்துல எறங்கிட்டாவ. மாப்பிள்ளைக்கு என்னமோ ஏதோன்னு எங்கய்யா டாக்டரக் கூட்டியாந்துட்டாரு" என்று அவர் மனைவியே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிடுவோம். கேப்டன் முன்னாலேயே இதைச் சொல்லும் தைரியம் குவார்ட்டர்ஸில் அக்காவுக்கு மட்டும்தான் உண்டு.

எங்களைப் போன்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. என்று ஒரு வரம் இருந்தது. குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வந்தால் பயணச் செலவை அரசாங்கம் கொடுக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ரயில் ஏறினார்கள். நாங்கள் கல்கத்தாக்காரர்கள் ஆயிற்றே, கிதிர்பூர் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் போர்ட் பிளேர்! பிள்ளை குட்டிகளோடு மூன்று நான்கு நாள் நடுக்கடலில். எந்தக் கப்பலில் போவது, எந்தத் தளத்தில் கேபின் எடுப்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் கேப்டன். தொண்ணூறுகளின் நடுவில் அவரைக் கேட்காமல் எங்கள் காலனியிலிருந்து ஒரு ஹோல்டால் மூட்டைகூடக் கிளம்பியதில்லை.

அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது.

"கப்பலப் பெரியாளுக்குப் பாத்து எடுக்கக் கூடாது, கேட்டியளா? வீட்டுல எது ரொம்ப மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்கோ, அதுக்குப் பாத்துதான் எடுக்கணும். சின்னதுங்க ரெண்டு நாள்ல கப்பல வீடாக்கிரும். இந்தப் பதினாலு பதினஞ்சு வயசு இருக்கு பாருங்க, அது கடலப் பாத்துட்டு, 'இவ்வளவுதானா?'ன்னு கேக்கும். அந்த ஜாதிக்குத்தான் நான் கப்பல் பாக்கேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்டதோடு விட்டிருக்கலாம். ஆனால் சித்தாந்தம் இருந்தால் பரிட்சையும் இருக்க வேண்டுமே. கேப்டன் வீடு தரைத்தளத்தில். அதில் பின்பக்க அறை ஒன்றை அவர் கேபினாக மாற்றியிருந்தார். கட்டிலுக்கு மேல் டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, அதற்கு மேல் பலகை போட்டால் மேல் பெர்த். மூலையில் வாந்திக்கு ஒரு பக்கெட். டடடடவென்று அதிரும் ஒரு கிழட்டு டேபிள் ஃபேன்தான் இன்ஜின். அந்தமான் போக ஆசைப்படும் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கேப்டன் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். டிவி கிடையாது, பேப்பர் கிடையாது. நடுவில் திடீரென்று கதவைத் தட்டி, "கப்பல் முங்குது!" என்று கத்துவார். குடும்பமே தலையணையை நெஞ்சில் கட்டிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி வரிசையில் நிற்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அடித்துக்கொள்ளாமல் இருந்தால் பாஸ். அப்புறம்தான் அவர் கப்பலின் பெயரையே உச்சரிப்பார்.

இதை ஒரு பைத்தியக்காரத்தனம் என்று ஒருவராவது சொன்னார்களா? படித்தவர்கள், கெஜட்டட் ஆபீசர்கள் எல்லோரும் தலையணையோடு வரிசையில் நின்றார்கள். துர்கா பூஜைக்கு முன்னால் அந்த அறைக்கு இருந்த கிராக்கி வாடகை வீட்டுக்குக்கூடக் கிடையாது.

வருமான வரி இலாகாவில் இருந்த சுந்தரமூர்த்திக்கு இரண்டு தடிப் பையன்கள். ஊரையே நடுங்க வைக்கும் மனுஷன், உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பெரியவனின் பேன்ட் பையில் சிகரெட் பாக்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கெட் பறந்தது. மேல் பெர்த் இடிந்தது. கேப்டன் நிதானமாகத் தாழ்ப்பாளைத் திறந்து தீர்ப்புச் சொன்னார்.

"உங்களுக்குக் கப்பல் சரிப்படாது சார். ரயில்ல பூரி கடற்கரைக்குப் போங்க. ரயில்னா நடுவுல நிக்கும், கோவம் வந்தா யாராவது ஒருத்தர் எறங்கிக்கிடலாம்."

பையன்கள் என்றால் கேப்டனுக்குப் பயமும் கிடையாது, பட்சமும் கிடையாது. "அங்கிள், கப்பல்ல டிவி இருக்குமா?" என்று ஒரு பையன் கேட்டதற்கு, "இருக்கு. கடல்னு பேரு. ஒரே சேனல்தான்" என்றார். மாடி வீட்டு முகர்ஜி தாதா (வங்காளிகளுக்கு அண்ணன் என்றால் தாதா), "எங்களுக்கெல்லாம் இந்தப் பரிட்சை வேண்டாமப்பா, நாங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சண்டை போடுகிற ஜாதி" என்று வங்க மொழியில் கிண்டல் செய்வார். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டீ கிளாஸோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்து, எந்தக் குடும்பம் எப்போது வெடிக்கும் என்று காத்திருப்பதும் அவர்தான்.

கடைசியில் எங்கள் முறையும் வந்தது. எங்கள் வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது என் பெண் ஜனனி.

எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்திருந்தது. சொந்த ஊர்ப் பக்கம் என்று அலிப்பூர் ஆபீஸில் எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஜனனி பத்தாவது. பரிட்சை முடிந்ததும் கிளம்ப வேண்டும். விஷயத்தைச் சொன்ன அன்றோடு அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சும்மா இல்லை, சுத்தமாக. சாப்பிடும்போது, "கார்த்திக், அப்பாவ சாம்பாரத் தள்ளச் சொல்லு" என்பாள். ஆறாவது படித்த கார்த்திக், "அப்பா, உங்களை சாம்பாரத் தள்ளச் சொல்றா" என்று அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பான். எதிரே உட்கார்ந்திருக்கும் என் காது செவிடா? நானும் ரோஷக்காரன். "தள்ளியாச்சுன்னு சொல்லு" என்பேன். வாரக்கணக்காக இப்படித்தான் போயிற்று. ஆபீஸில் பைலுக்கு நடுவே திடீரென்று அந்தப் பெண்ணின் குரல் ஞாபகம் வந்தால், படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் கௌரவம் என்ன ஆவது?

என் மனைவி வசந்தாதான் யோசனை சொன்னாள். "கப்பல்ல போலாங்க. நடுக்கடல்ல எங்க ஓடுவா? பேசித்தானே ஆகணும்?"

கேப்டனிடம் போனேன். அவர் ஜனனியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ள பேசாதோ?"

"என்கூட மட்டும் பேச மாட்டா."

"நல்ல கேஸு. ஞாயித்துக்கிழம வாங்க" என்றார், பல் டாக்டர் மாதிரி.

அந்த ஞாயிறு, நம் ஆவணி, வங்காளிகளின் பாத்ரோ மாசத்துப் புழுக்கம். கல்கத்தாவில் அந்த மாசத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், சட்டை போட்டவுடனேயே துவைக்கப் போடலாம். காலனி மைதானத்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா காளிகாட் கோயிலுக்குப் போய்விட்டார். நாங்கள் நாலு பேரும் உள்ளே போனோம். தாழ்ப்பாள் விழுந்தது. இன்ஜின் டடடடவென்று ஓடியது. ஜனனி மேல் பெர்த்தில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் கீழே உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்தேன். நடுக்கடலும் இப்படித்தான் இருக்கப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரே சத்தம். பந்தல்காரர்கள் கேப்டனின் வராந்தாவை மறைத்து ஒரு மூங்கிலை நட்டுவிட்டார்களாம். "எவம்ல அது, என் டெக்க மறைக்கது?" என்ற கர்ஜனையும், செருப்புச் சத்தமும் மைதானத்தை நோக்கிப் போயின. அவ்வளவுதான். கேப்டன் கப்பலை மறந்துவிட்டார்.

அப்புறம் கரண்ட் போயிற்று. ஃபேன் முனகிக்கொண்டே நின்றது.

"அப்பா, இன்ஜின் போச்சு!" என்று கார்த்திக் குதித்தான். "கப்பல் முங்குது!" தலையணையை எடுத்து நெஞ்சில் கட்டிக்கொண்டான். கதவைத் தட்டினோம். யாரும் வரவில்லை. வசந்தா கத்தினாள். நான் கத்தினேன். அரை இருட்டு, வேர்வை, பக்கெட். கரண்ட் போனதால் பந்தலில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். நாங்கள் போட்ட கூச்சல் எங்களுக்கே கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில் முகர்ஜி தாதா தெரிந்தார். எனக்குத் தெரிந்த வங்க மொழி மீன் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும்தான் போதும். அதை வைத்துக்கொண்டு மன்றாடினேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே பிரமாதம் என்பதுபோல் தலையாட்டினார்.

அப்போதுதான் மேல் பெர்த் இறங்கி வந்தது. ஜனனி என்னை நகர்த்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஜேட்டு! தொரொஜாடா குலே தாவோ நா!" பெரியப்பா, கதவைத் திறந்துவிடுங்களேன் என்று.

முகர்ஜி தாதா வருத்தத்தோடு கையை விரித்தார். கேப்டன் தாதாவின் உத்தரவாம். உள்ளே இருப்பவர்கள் அழுதாலும் சரி, செத்தேன் பிழைத்தேன் என்று கத்தினாலும் சரி, யாரும் திறக்கக் கூடாதாம். அதுவும் பரிட்சையில் சேர்த்தியாம். "எதுவரை வந்திருக்கிறீர்கள்? ஆறு முடிகிற சாகர் தீவு தாண்டியாச்சா?" என்று வேறு கேட்டுவிட்டு மனுஷன் போயே போய்விட்டார்.

ஜனனி திரும்பி என்னைப் பார்த்தாள். பனியனோடு, நெஞ்சில் தலையணையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது கட்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

"திருச்சில யாருப்பா இப்படியெல்லாம் பண்ணுவாங்க?"

அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். நான் அசையவே இல்லை.

"இங்க எல்லாருக்கும் என்னத் தெரியும். அங்க போனா எனக்குத் தமிழ்ல நாலு வரி எழுத வராது. கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க பாட்டுக்கு சந்தோஷமா ஸ்வீட் வாங்கிட்டு வர்றீங்க!"

"சந்தோஷம்னு யார்டி சொன்னா? ஆபீஸ்ல கேட்டாங்கன்னு வாங்கினது, மிச்சத்தக் கொண்டு வந்தேன். எனக்கு மட்டும் போகப் பிடிச்சிருக்கா? இந்த ஊர விட்டுப் போகணுமேன்னு எனக்குத் தூக்கமே வரல."

"அத ஏன் சொல்லல?"

"நீதான் பேசலையே. கார்த்திக்கிட்டயா சொல்லி அனுப்புறது?"

"சொல்லியிருந்தா கரெக்டா சொல்லியிருப்பேன்" என்றான் கார்த்திக்.

வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்று சொன்னாள். நாங்களும் நம்பினோம். அதற்கப்புறம் அந்தக் கப்பலில் ஒரே பேச்சு. சாம்பார்ச் சண்டை முதல் ஸ்கூலில் நடந்தது வரை எல்லாம் வந்தது.

வெயில் சாய்ந்து, அக்கா கோயிலிலிருந்து வந்து கூப்பாடு போட்ட பிறகுதான் கேப்டனுக்கு எங்கள் ஞாபகமே வந்தது. பந்தலில் சமாதானமாகி, சந்தேஷ் இனிப்பைத் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். கதவைத் திறந்தார். நாலு பேரும் தரையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒரு நொடிதான் முழித்தார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாஸு!" என்றார். வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. அதே மூச்சில் எங்களுக்கான கப்பலையும் அறிவித்தார். பிள்ளைகளுக்குத் தனி கேபின், எங்களுக்கு எதிர் கேபின், இரண்டாம் தளம். அதை விட்டால் வேறு கப்பலே கிடையாதாம்.

டிக்கெட் வாங்கப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தக் கப்பல் பல வாரங்களாக ரிப்பேருக்கு நிற்கிறதாம். எங்கே? கிதிர்பூரில்தான், கேப்டன் ஆபீஸுக்குப் போகிற வழியில். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்! மற்ற கப்பல்களில் இடமில்லை. நாங்களும் புளியோதரையைக் கட்டிக்கொண்டு ரயிலில் பூரிக்குத்தான் போனோம். கடற்கரையில் சுந்தரமூர்த்தி குடும்பம் எங்களைப் பார்த்துக் கையசைத்தது.

மாற்றலாகிக் கிளம்பிய அன்று கேப்டன் ஹௌரா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார், பஸ்ஸில், பாலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு. பெர்த்தைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வண்டி நகரப் போகும் நேரத்தில் ஜனனி கேட்டாள்.

"கேப்டன் அங்கிள், நிஜத்தச் சொல்லுங்க. அன்னைக்கு எங்கள மறந்துட்டீங்கதானே?"

"ஏட்டி, கேப்டன் கப்பல மறப்பானா? பிள்ள பேசட்டும்னுல்லா விட்டு வச்சேன்!"

ஜனனி கம்பி வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் விடவில்லை. இன்றுவரை அவர் சொன்னதை அப்படியே நம்புகிறாள்.

பொய். சுத்தப் புளுகு. மனுஷன் சந்தேஷ் தின்றுகொண்டிருந்தார், அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இப்போது வீட்டில் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நம்மை மறந்துபோக ஒரு ஆள் இல்லையே என்றுதான் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.